மடிச்சீர்

வீரலட்சுமிக்கு நாத்தனார் அழகுராணியைக் கண்டாலே ஆகாது. கல்யாணமான புதிதில் அதற்குச் சில்லறைக் காரணங்கள் இருந்தன. சேலை எடுத்ததில் குறை, பந்தியில் கடைசியாகக் கூப்பிட்டது, இப்படி. அதெல்லாம் நாளாவட்டத்தில் மறந்துபோயிருக்கும். மறக்கவிடாமல் செய்தது மாதம் தவறாமல் வந்த மடிச்சீர்.

மருத்துவமனையில் அதற்கு இணைசுற்று என்று பெயர். விருதுநகரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. குண்டான பிள்ளைகளுக்குப் பத்து வயதிலேயே கெட்ட கொழுப்பு ஏறி, ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து, கல்யாண வயதில் மாரடைப்பு வந்துகொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். நல்ல கொழுப்பு குறைந்தால் பட்டை சிவக்கும், நிறைய இருந்தால் பச்சையாக ஒளிரும். சிவந்த பிள்ளையையும், நல்ல கொழுப்பு மிகுந்த உறவுக்காரர் ஒருவரையும் அடுத்தடுத்த கட்டிலில் படுக்கவைத்து, நடுவில் ஓர் இயந்திரத்தை வைத்து, கையில் ஊசி போட்டு இருவரையும் அதோடு இணைத்துவிடுவார்கள். ரத்தம் கலக்காது. கொழுப்பைச் சுமக்கும் துகள்கள் மட்டும் இந்த உடம்புக்கும் அந்த உடம்புக்கும் போய்வரும்.

எந்த உறவு பொருந்தும் என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள் டாக்டர்கள். நம் ஆட்கள் கேட்கிற ரகமா? காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறவன் தாய்மாமன்தானே, இதையும் அவனே செய்யட்டும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். மாமன் பொருந்தாவிட்டால்தான் மற்ற உறவுகளைத் தேடினார்கள். தாய்மாமன் கையால் வந்தால் அது சீர். சீர் என்று வந்துவிட்டால் கௌரவமும் வரும், கூடவே சண்டையும் வரும்.

வீரலட்சுமியின் கணவன் சௌந்தரபாண்டி பருப்பு மில்லில் மேற்பார்வையாளன். அவனுடைய நல்ல கொழுப்பு டாக்டர்களே வாயைப் பிளக்கும் அளவுக்கு இருந்தது. அவனுடைய அக்கா அழகுராணியின் மகன் துருவனுக்கோ பட்டை சிவப்பிலிருந்து இறங்கியதே இல்லை. விடுவாளா அழகுராணி? பையனுக்கு ஏழு வயதிலிருந்தே தம்பியைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டாள். மடிச்சீர் நாளன்று சொந்தக்காரர்களை வேறு கூப்பிட்டு, வெற்றிலை பாக்கு வைத்து, “எந்தம்பி மாதிரி ஒருத்தன் இந்த ஜில்லாவுல உண்டா?” என்று அவள் பெருமை பேசும்போது வீரலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. அவள் மகளுக்கு ஒன்றென்றால் மடிச்சீர் செய்ய ஒரு நாதி இல்லை. அந்தத் தீயும் சேர்ந்து எரிந்தது.

நல்லவேளையாக, மகள் இதழினிக்கு அது தேவைப்படவில்லை. குண்டுப் பிள்ளைதான். ஆனால் அப்பாவைப் போலவே பட்டை பளிச்சென்று பச்சை. பள்ளிக்கூடத்தில் பதக்கம் கொடுத்தார்கள். சிவப்புப் பட்டைப் பிள்ளைகள் வெயிலில் ஓட, பச்சைப் பட்டைக்காரர்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்று விதி இருந்தது. வீட்டிலும் அந்தச் சலுகை உண்டு. பிள்ளை எண்ணெய் பரோட்டா கேட்டால் வீரலட்சுமி தட்டாமல் வாங்கிக் கொடுப்பாள். பச்சைதானே, தின்னட்டும் என்பாள்.

ஒவ்வொரு மாதமும் மருத்துவமனையிலிருந்து வந்ததும் சௌந்தரபாண்டி மோர் குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்வான்.

“போயிட்டு வந்தா உடம்பு லேசா இருக்கு வீரா. மாடி ஏறுனா மூச்சு வாங்குறதுகூட இல்ல.”

“லேசா இல்லாம என்ன செய்யும்? உள்ள இருக்கறத எல்லாம் உறிஞ்சி எடுத்துட்டா பஞ்சு மாதிரிதான் இருக்கும். உங்கக்காவுக்கு நீங்க தம்பியா, பசுமாடா?”

அவன் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். பதில் பேசத் தெரியாத மனிதன். அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அழகுராணி புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று எல்லாம் உடைந்தது. கூடம் நிறைய சொந்தக்காரர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அழகுராணி இதழினியைத் தன் பக்கம் இழுத்து, அவளுடைய மணிக்கட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

“பாத்தீகளா, அப்பன் மாதிரியே மகளுக்கும் அளவுக்கு மேல இருக்கு. எந்தம்பிக்கு முடியலைன்னாலும் எம்மகனுக்குக் கவலையில்ல. இந்த ஊத்து இருக்குல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். இதழினியும் என்னவென்று புரியாமல் சிரித்தாள். வீரலட்சுமி கையிலிருந்த சீர்த்தட்டை அப்படியே தரையில் போட்டாள். தேங்காய் உருண்டு யாருடைய காலிலோ இடித்தது.

“எம்மகள என்ன, ஆழ்துளைக் கிணறுன்னு நெனச்சீங்களா? புருஷன உறிஞ்சது பத்தாதுன்னு பிள்ளை மேலயும் கண்ணு வக்கிறீங்களே, உங்களுக்கு நெஞ்சு இருக்கா மதினி?”

“ஏய், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னா...”

“பேச்சுக்குச் சொன்னீங்களோ மூச்சுக்குச் சொன்னீங்களோ, இன்னையோட முடிஞ்சுபோச்சு. இனிமே ஒரு சொட்டு கிடையாது.”

அழகுராணி தம்பியைப் பார்த்தாள். சௌந்தரபாண்டி தரையைப் பார்த்தான். வீரலட்சுமி அவன் கையைப் பிடித்து இழுத்து, அத்தனை பேர் முன்னிலையிலும் இதழினியின் தலைமேல் வைத்தாள்.

“சத்தியம் பண்ணுங்க. இனி இவங்க மகனுக்குப் பக்கத்துல போய்ப் படுக்க மாட்டேன்னு பிள்ளை மேல சத்தியம் பண்ணுங்க.”

“வீரா, நல்ல நாளும் அதுவுமா...”

“பண்ணுங்க.”

அவன் பண்ணினான். அன்று வீரலட்சுமிக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு வந்து ரசம் வைத்து அப்பளம் பொரித்தாள். நாத்தனாரின் முகம் போன போக்கை நினைத்து நினைத்து ருசித்துச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தான். உடம்பு கனமாக இருக்கிறது, தோள்பட்டை இறுக்குகிறது, ஒரே ஒரு தடவை போய்வரட்டுமா என்றான். “அக்கா சொல்லிக் கொடுத்தாளா?” என்றாள் அவள். “சத்தியத்த மீறிப் போனா பிள்ளைக்கு ஆகாது, பாத்துக்கங்க” என்றாள். அதோடு கேட்பதை விட்டுவிட்டான்.

அந்த வருடம் முடிவதற்குள் ஒருநாள் காலை மில்லில் மூட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்தபடி மூட்டை மேலேயே சாய்ந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் நம்பவே இல்லை. நல்ல கொழுப்பு அத்தனை இருந்தவனுக்கு மாரடைப்பா என்று கேட்டபடியே இருந்தார்கள். அழகுராணி தம்பியின் காலடியில் விழுந்து கிடந்தாள். எழுந்து போகும்போது வீரலட்சுமியின் முன்னால் நின்று, “இப்ப நிம்மதியா?” என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். அழுத கண்ணோடு வீரலட்சுமி அவளை முறைத்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு வீட்டாரும் தனித்தனிப் பாயில் உட்கார்ந்தார்கள்.

சில வாரம் கழித்து இதய மருத்துவர் ஹமீதாவிடமிருந்து அழைப்பு வந்தது. மகளையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார். இருவரின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வீரலட்சுமியை மட்டும் வரச்சொன்னார்.

“உங்க வீட்டுக்காரர் இறந்த அன்னைக்கு எடுத்த ரத்தம் எங்ககிட்ட இருந்துச்சும்மா. திரும்ப நல்லா சோதிச்சுப் பாத்தோம்.”

“அவருக்கு நல்ல கொழுப்பு எம்புட்டு இருந்துச்சு டாக்டர்! பின்ன எப்படி?”

“அதுதாம்மா வியாதியே.”

வீரலட்சுமிக்குப் புரியவில்லை. டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உங்க தெருவுல குப்பை வண்டி வருதுல்ல? நல்ல கொழுப்புங்கறது அந்த வண்டி மாதிரி. ரத்தக்குழாய்ல படிஞ்ச கொழுப்ப அள்ளிட்டுப் போய் ஈரல்ல கொட்டும். காலி வண்டியா திரும்பி வரும். உங்க வீட்டுக்காரருக்கு ஈரல்ல அந்தக் கதவு திறக்கவே திறக்காது. பிறவியிலேயே அப்படி. அதனால வண்டியெல்லாம் நெறஞ்சு தெருவுலயே நிக்கும். நாங்க என்ன பண்ணோம்? வண்டிய எண்ணிப் பாத்துட்டு, அடேயப்பா இத்தனை வண்டி ஓடுதே, தெரு சுத்தமா இருக்கும்னு சொல்லிட்டோம்.”

“நீங்க சொல்லித்தான டாக்டர் நாங்க நம்புனோம்?”

“ஆமாம்மா. பட்டை வண்டிய மட்டுந்தான் எண்ணும். அது எங்க தப்பு. நான் மறைக்கல.” டாக்டர் மேசையிலிருந்த தாளைப் புரட்டினார். “ஆனா எனக்கு வேற ஒன்னு புரியல. இந்தக் குறை உள்ளவங்க பெரும்பாலும் சின்ன வயசுலயே போயிருவாங்க. இவர் இவ்வளவு காலம் எப்படித் தாங்கினாரு? பாத்தா, வருஷக்கணக்கா இணைசுற்றுக்கு வந்திருக்காரு. அந்தப் பையனோட ஈரல்ல கதவு நல்லா திறக்குது. இவரோட வண்டியெல்லாம் அங்க போய்க் கொட்டிட்டுத் திரும்பியிருக்கு. பையனுக்கு வண்டி கிடைச்சுது, இவருக்குக் கதவு கிடைச்சுது. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்காங்க. போன வருஷம் ஏம்மா நிப்பாட்டினாரு?”

வீரலட்சுமியின் காதில் கூடம் நிறைய சிரிப்பும் தேங்காய் உருளும் சத்தமும் கேட்டன.

“எம்பிள்ளைக்கு ஒன்னும் இல்லையே டாக்டர்? அவளுக்குப் பச்சைதான்.”

“அவருக்கும் பச்சைதான்.”

டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். இதழினிக்கும் அதே பூட்டிய கதவு. உடம்பு பெருத்திருப்பதால் கெட்ட கொழுப்பும் கூட, அதிலும் பொடிப்பொடியாகச் சுவருக்குள் நுழைகிற ரகம். அப்பாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் வந்தது இவளுக்கு இருபதுக்கு முன்பே வரலாம். சாப்பாட்டை மாற்ற வேண்டும், தினமும் ஓடவிட வேண்டும், மாத்திரை தரலாம். ஆனால் கதவைத் திறக்க மாத்திரை கிடையாது.

“மெஷின வச்சு வடிச்சு வெளிய கொட்ட முடியாதா?”

“முடியாதும்மா. உயிருள்ள ஈரல்தான் அதச் செய்யும்.”

“என்னோடத எடுத்துக்கங்க டாக்டர். எங்கிட்ட ஈரல் இருக்குல்ல?”

“அன்னைக்கே உங்க ரத்தத்தையும் பாத்துட்டேன், பொருந்தல. எங்ககிட்ட பதிஞ்சிருக்கற உங்க சொந்தக்காரங்க எல்லாரையும் ஒத்துப் பாத்துட்டேன். பொருந்தறது ஒரே ஆளுதான்.”

அது துருவன்தான் என்று வீரலட்சுமிக்குச் சொல்லாமலே தெரிந்தது.

ஒரு நல்ல நாள் பார்த்து அவள் கிளம்பினாள். தாலியில்லாதவள் தட்டு தூக்கக் கூடாது என்று இதழினியின் கையில் கொடுத்திருந்தாள். வெற்றிலை, பழம், மஞ்சள், துருவனுக்கு ஒரு சட்டை. உண்மையைச் சொல்வதில்லை என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள். சீர் என்று சொல்லிக் கொடுத்தால் அழகுராணி பெருமைக்காக வாங்கிக்கொள்வாள். பிள்ளை பிழைத்துக்கொள்ளும். காலில் விழச்சொன்னால் விழலாம். காலில் விழுவது பெரிய காரியமில்லை, எழுந்துவிடலாம்.

அழகுராணி கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. விலகி மட்டும் நின்றாள்.

“என்ன விசேஷம்?”

“துருவனுக்கு மடிச்சீர் கொண்டாந்துருக்கோம் மதினி. அப்பா விட்டத மக செய்யட்டும்னு... அன்னைக்கு நான் பேசுனது தப்பு. மன்னிச்சிருங்க.”

அழகுராணி தட்டையும் பார்த்தாள், அதைச் சுமந்து நின்ற பிள்ளையையும் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“ஓகோ. ஆம்பள இல்லாத வீடுன்ன உடனே ஒறவு ஞாபகம் வருதாக்கும்? உங்க வீட்டுக் கொழுப்பு எங்களுக்கு வேணாம்டி. பட்டது போதும். எங்க வீட்டுக்காரரோட தம்பி பொருந்திட்டாரு. மலை மாதிரி ஆளு. ஒருத்தரோட சேத்துக்கிட்டா இன்னொருத்தரோட சேக்க முடியாது, தெரியும்ல? இந்தப் பிள்ளை உடம்புல இருந்து எம்மகனுக்குப் பாதிகூட வராது. தட்ட எடுத்துட்டுக் கிளம்பு.”

“மதினி...”

“கிளம்புன்னேன்.”

வீரலட்சுமி மகளிடமிருந்து தட்டை வாங்கித் தரையில் வைத்தாள். “பாப்பா, நீ மாடியில போய் துருவன் என்ன பண்றான்னு பாரு” என்றாள். பிள்ளையின் காலடிச் சத்தம் படியில் ஏறி ஓயும்வரை காத்திருந்தாள். அவள் யோசித்து வைத்திருந்த பொய் எல்லாம் தீர்ந்துவிட்டது. இனி இந்த மனுஷியை அசைக்க ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் சாகும்வரை இவள் முன்னால் தலை நிமிர முடியாது. அது தெரிந்தே வாயைத் திறந்தாள்.

டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். வண்டி, கதவு, இதழினிக்கும் அதே கதவு என்பது வரை. அழகுராணி முதலில் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப, எந்தம்பி... எம்மகனோட படுத்து எந்திரிச்சதாலதான் உசுரோட இருந்தானா?”

“ஆமா மதினி.”

“அவனுக்கே தெரியாதா?”

“யாருக்கும் தெரியாது. ஆனா உடம்பு கனமா இருக்கு, ஒரு தடவ போயிட்டு வரட்டான்னு எங்கிட்டக் கேட்டாரு. நான் விடல.” அதையும் சொல்லிவிட்டாள். “நான்தான் மதினி கொன்னேன்.”

அழகுராணி கையை ஓங்கினாள். வீரலட்சுமி கண்ணை மூடிக் கன்னத்தைக் காட்டியபடி நின்றாள். அடி விழவில்லை.

“அறைய மாட்டேன். அறைஞ்சா உனக்குத் தீந்துபோயிரும்.” அழகுராணிக்கு மூச்சிரைத்தது. “பெத்த பிள்ளை மாதிரி தூக்கி வளத்தேன்டி அவன. நல்ல நாள்ல சபையில வச்சு அவன் கையப் பிடிச்சு இழுத்தியே...”

“என்னைய என்ன வேணாலும் செய்ங்க. ஊர் பூரா சொல்லுங்க. பிள்ளைய மட்டும் கைவிட்றாதீங்க. உங்க தம்பி ரத்தம் அது.”

அழகுராணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள்.

“சரி. எம்மகன் இவளோட படுப்பான். கொழுந்தனார வேணாம்னு சொல்லிர்றேன். எம்மகனுக்குக் கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போகுது, நான் பாத்துக்கறேன்.”

வீரலட்சுமி குனிந்து அவள் காலைத் தொடப் போனாள். அழகுராணி காலை இழுத்துக்கொண்டாள்.

“நில்லு. இப்ப எங்கிட்டச் சொன்னத அவகிட்டயும் சொல்லு. இங்கயே, என் முன்னால சொல்லு.”

“மதினி! சின்னப் பிள்ளை...”

“சின்னப் பிள்ளை தலையில கைய வச்சுத்தான சத்தியம் வாங்குன? அப்பத் தெரியலையா அவ சின்னப் பிள்ளைன்னு? நாளைக்கு அவளுக்குத் தானா தெரியவந்தா என்ன நெனப்பா? தன் தலை மேல பண்ணின சத்தியத்தாலதான் அப்பன் செத்தான்னு நெனப்பா. தன்னாலதான்னு நெனப்பா. நீ சொல்லு, நீதான்னு சொல்லு. சொன்னாத்தான் ஊசி.”

அழகுராணியின் குரலில் துளி இரக்கம் இல்லை. ஆனால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் வீரலட்சுமிக்குத் தாங்கவில்லை. இந்தப் பொம்பளையை வாழ்நாள் முழுக்க வெறுத்திருக்கிறாள். அந்த நிமிடம் வெறுத்த அளவுக்கு என்றுமே வெறுத்ததில்லை.

அவளே மாடிப்படியின் கீழே போய் நின்று கூப்பிட்டாள். இதழினி வந்தாள். பின்னாலேயே வந்த துருவனை அழகுராணி கண்ணாலேயே திருப்பி அனுப்பினாள். வீரலட்சுமி மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பச்சைப் பட்டை அவள் விரலுக்கு அடியில் ஒளிர்ந்தது. சொன்னாள். அப்பாவுக்கு வியாதி இருந்ததையும், துருவனோடு சேர்ந்து படுத்தபோதெல்லாம் அது குறைந்ததையும், அதை அம்மா நிறுத்தியதையும் சொன்னாள்.

“உன் தலையில கைய வக்கச் சொன்னது நான். அதுல உன்னால ஒன்னுமில்ல பாப்பா. எல்லாம் நான் பண்ணினது.”

இதழினி சட்டென்று அழவில்லை. பட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்பா திரும்பப் போறேன்னு சொன்னாரா?”

“சொன்னாரு.”

“நீ விடலையா?”

“விடல.”

“அத்தை மேல கோவத்துலயா?”

வீரலட்சுமி தலையை மட்டும் ஆட்டினாள். பிள்ளை தன் கைகளை அவள் பிடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டாள். எழுந்து போய் அழகுராணியின் பக்கத்தில், இடைவெளி விட்டு, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழகுராணி அவளை அணைக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

“நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போகணும்டா செல்லம்” என்றாள் வீரலட்சுமி. “வலிக்காது. துருவன் பக்கத்துலயே இருப்பான். அம்மா வெளிய உக்காந்திருப்பேன்.”

இதழினி அத்தையைப் பார்த்தாள். பிறகு தரையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நீ வர வேணாம்மா. நான் அத்தைகூடப் போயிக்கறேன்.”